கோடை என்னும் சொல்லுக்குள் இரண்டு காற்று

பழந்தமிழில் காற்றுக்குத் திசைவாரியாக நான்கு பெயர்கள். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். வடக்கிலிருந்து வாடை. தெற்கிலிருந்து தென்றல். மேற்கிலிருந்து வீசுவது கோடை. தென்றலும் வாடையும் சினிமாப் பாட்டு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டன. கொண்டலைக் கடற்கரைக்காரர்கள் விடவில்லை. கோடை மட்டும், தான் ஒரு காற்று என்பதையே தொலைத்து, வெயில் காலத்தின் பெயராக நின்றுபோனது.

கம்பம் பள்ளத்தாக்கில் அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் இன்றும் ஆளை அடிக்கின்றன. மேற்கிலிருந்து வரும் காற்று ஒன்று. அதை அங்கே மேகாத்து என்பார்கள். வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை ஓயாது. இன்னொன்று வெயில் காலத்துக் காற்று. சித்திரை மாதப் பிற்பகலில், வானம் ஒரு மூலையில் கறுத்த கால் மணி நேரத்துக்குள் வந்து, பத்து நிமிடம் ஆடிவிட்டுப் போய்விடும். செய்தித்தாள்கள் அதைச் சூறைக்காற்று என்று எழுதும். மூன்று மாதம் வீசும் காற்றோடு இந்த மண் ஒருவகையாகக் குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டது. பத்து நிமிடக் காற்றுதான் இன்றுவரை அதன் கழுத்தில் கை வைத்திருக்கிறது.

முதல் காற்றின் கதை மலையிலிருந்து தொடங்குகிறது. பள்ளத்தாக்கின் மேற்கே ஏல மலைகள்; கிழக்கிலும் தெற்கிலும் மேகமலையும் வருசநாட்டு மலைகளும். இரண்டுக்கும் நடுவே, தென்மேற்கில் குறுகி வடகிழக்கில் தேனியை நோக்கி விரியும் ஒரு நீண்ட புனல் போலக் கிடக்கிறது நிலம். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்துச் சரிவில் ஏறி, தன் மழையை அங்கேயே கொட்டிவிட்டு, குமுளிக் கணவாயைத் தாண்டி இந்தப் புனலுக்குள் இறங்குகிறது. குமுளி ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். கம்பம் 400 மீட்டரை ஒட்டியது. அந்த இறக்கத்தில் காற்று வேகம் பிடிக்கிறது. குமுளியில் குடை பிடித்தவருக்கு அடிவாரத்து லோயர் கேம்ப்பில் சாரல்தான் கிடைக்கும். தேனிக்கு வந்தால் தூசியும் காற்றும்தான் மிச்சம்.

தமிழ்நாட்டில் காற்றாலைக்குத் தோதான கணவாய்கள் என்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழியோடு நான்காவதாகக் கம்பம் கணவாயையும் சேர்ப்பார்கள். மாநிலத்தின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் எழுந்தது. தேனிப் பக்கம் அது வர இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. இன்று ஆண்டிபட்டி, கண்டமனூர் வட்டாரத்துக் கரட்டு நிலங்களில் வெள்ளைத் தூண்கள் வரிசை கட்டி நிற்கின்றன. சோளமும் கம்பும் விளைந்த மானாவாரிக் காடுகளில், பயிரைச் சாய்த்த அதே மேகாத்து இப்போது மின்சாரமாகிறது.

மேகாத்து நாள் குறித்து வரும் விருந்தாளி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று பழமொழி சொல்லி வைத்திருப்பதே முன்னெச்சரிக்கைக்குத்தான். கூரை வேய்ந்தவர்கள் காற்று தொடங்குமுன் முகட்டுக்குக் குறுக்கே கயிறு போட்டு, முனையில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஓட்டு வீட்டுக்காரர்கள் பிசகிய ஓட்டைச் சரிசெய்து கொண்டார்கள். மாடும் ஆடும் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

பயிரும் அதற்கு ஏற்றபடி அமைந்திருந்தது. பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்ப 1886 அக்டோபரில் திருவிதாங்கூரும் சென்னை அரசாங்கமும் 999 ஆண்டுக் குத்தகைக்குக் கையெழுத்திட்டன. பொறியாளர் பென்னிகுவிக் கட்டிய அணையிலிருந்து 1895 அக்டோபரில் தண்ணீர் இந்தப் பக்கம் இறங்கியது.  அதன்பிறகு லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல்வயலாக நின்றது. ஜூன் மாதம் அணை திறந்தால் முதல் போகம். அதாவது மேகாத்து உச்சத்தில் இருக்கும்போது வயலில் இருப்பது குட்டையான நாற்று. காற்று அதன் தலைக்கு மேலே போகும். சித்திரைச் சூறை வரும்போதோ இரண்டாம் போகமும் அறுத்து, வயல் வெறும் தாளாகக் கிடக்கும். அதனால்தான் பாட்டன்மார் காலத்துப் பேச்சில் சூறைக்காற்று பயிரின் எமனாக வருவதில்லை. புளியமரம் விழுந்தது, கூரை பிய்ந்தது, திருவிழாப் பந்தல் சரிந்தது என்றுதான் வரும். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா இந்தக் காற்றின் காலத்திலேயே நடக்கிறது. முல்லையாற்றங்கரையில் ராட்டினமும் கடைகளும் நிறைந்திருக்கும்போது மேற்கே இடி முழங்கினால், கடைக்காரர்கள் முதலில் தேடுவது தார்ப்பாயின் மூலைக் கயிற்றை.

காற்று எதிரியானது வாழை வந்த பிறகு.

பள்ளத்தாக்குக்கு வாழை புதிதல்ல. நாழிப்பூவனும் ரஸ்தாளியும் செவ்வாழையும் ஆற்றோரத்தில் எப்போதும் இருந்தன. கிணறு ஆழமாகி, மோட்டார் வந்து, சொட்டுநீர்க் குழாய் ஓடியபோது வாழை ஆற்றங்கரையை விட்டு மேட்டு நிலத்துக்கு ஏறியது. 1990களில் இந்தியாவுக்கு வந்த திசு வளர்ப்பு வாழை, அதிலும் ஜி-9 என்று ஊரே அழைக்கும் கிராண்ட் நைன் ரகம், அந்த ஏற்றத்தை ஓட்டமாக்கியது. சின்னமனூர், உத்தமபாளையம், காமயகவுண்டன்பட்டி, கூடலூர் என்று வழிநெடுக ஒரே உயரத்தில், ஒரே வயதில், ஒரே வாரத்தில் தார் ஈனும் தோட்டங்கள் வந்தன. இங்கிருந்து வளைகுடா நாடுகளுக்குக் குளிரூட்டிய பெட்டிகளில் காய் போகிறது. தேனி மாவட்டம் தமிழ்நாட்டு வாழையின் முதல் வரிசையில் நிற்கிறது.

வாழை மரம் என்கிறோம். அதில் மரம் இல்லை. ஒன்றை ஒன்று சுற்றிய இலை மட்டைகள்தான் தண்டு. வேர் ஆழம் போகாது, மேல் மண்ணிலேயே படரும். ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு ஆயிரத்து இருநூறு வாழை. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒருபக்கமாகத் தொங்கும் 25, 30 கிலோத் தார். மேலே கப்பல் பாய் போல விரிந்த இலைகள், கீழே பாசனத்தால் இளகிய மண். இலைக்கு ஒரு தற்காப்பு உண்டு. காற்று அடித்தால் நரம்போடு நரம்பாகக் கிழிந்து, காற்றை ஊடே விட்டுவிடும். ஆடி மாதத்து வாழைத் தோட்டம் நார்நாராகத் தொங்குவது அதனால்தான். அந்தத் தோட்டம் பார்க்க அலங்கோலமாக இருந்தாலும் நின்றுகொண்டிருக்கும். சித்திரைச் சூறை இலை கிழியும் அவகாசத்தைக் கூடக் கொடுப்பதில்லை. தார் சுமக்கும் வாழை, கழுத்தில் ஒடியும் அல்லது கிழங்கோடு பெயரும். சாய்ந்த வாழையை எந்த வைத்தியமும் நிமிர்த்தாது. காய் முற்றாமல் விழுந்தால் வியாபாரி திரும்பிப் பார்ப்பதில்லை. பதினோரு மாத வேலையும், உரமும், கடனும் பத்து நிமிடத்தில் தரையில் கிடக்கும்.

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? குளிர் நாடுகளில் புயலைக் கொண்டுவருவது பெரும்பாலும் குளிர்முகப்பு. துருவப் பக்கத்துக் குளிர்ந்த காற்று ஒரு பெரும் சுவர் போல நகர்ந்துவந்து, வெதுவெதுப்பான காற்றை அடியில் புகுந்து தூக்கி எறியும் இடம் அது. முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1919 வாக்கில் நார்வே நாட்டின் பெர்கன் நகரத்து வானிலையாளர்கள் அதைக் கண்டு சொன்னார்கள். ஜேக்கப் பியர்க்னஸ் அவர்களில் முக்கியமானவர். எதிரெதிர்ப் படைகள் மோதும் போர்முனை அப்போது எல்லார் மனத்திலும் இருந்தது. அந்தப் பெயரையே காற்றுக்கும் வைத்தார்கள். அப்படிப்பட்ட ஆயிரம் மைல் குளிர்முகப்பு கம்பம் பள்ளத்தாக்கை எட்டுவதில்லை. ஆனால் இங்கே ஒவ்வொரு இடிமேகமும் தனக்கென ஒரு சின்னக் குளிர்முகப்பைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

சித்திரை வெயில் தரையைக் காய்ச்சுகிறது. சூடான காற்று மலைச்சரிவில் ஏறி, ஈரத்தோடு சேர்ந்து, மதியத்துக்கு மேல் இடிமேகமாகக் குவிகிறது. மேகத்திலிருந்து விழும் மழைத்துளியில் ஒரு பகுதி, கீழே உள்ள வறண்ட காற்றில் ஆவியாகிறது. பானை நீர் குளிர்வது போல அந்தக் காற்று குளிர்கிறது, குளிர்ந்தால் கனக்கும், கனத்தால் விழும். அப்படி மொத்தமாக இறங்கும் காற்று தரையில் மோதி நாலாபக்கமும் சிதறி ஓடுகிறது. மழைக்கு முன்னால் முகத்தில் சில்லென்று ஒரு காற்று படுமே, அதுதான் அந்தச் சிதறலின் முன்வரிசை. வெயிலில் வெந்தவர்கள் ‘அப்பாடா’ என்று நெஞ்சை நிமிர்த்தும் அந்த நொடியில்தான் ஆபத்து தோட்டத்துக்குள் நுழைந்திருக்கிறது.

இதை உலகத்துக்கு நிரூபித்தவர் டெட் ஃபுஜிதா என்ற ஜப்பானியர். 1945-ல் நாகசாகியிலும் ஹிரோஷிமாவிலும் அணுகுண்டு விழுந்த இடங்களை ஆராயப் போனபோது, நடுப்புள்ளியிலிருந்து நட்சத்திரம் போல வெளிநோக்கிச் சாய்ந்துகிடந்த மரங்களைப் பார்த்தார். பின்னாளில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1974-ல் அமெரிக்காவில் சூறாவளிகள் அடித்த பகுதியின் மேல் விமானத்தில் பறந்தார். காட்டின் ஓரிடத்தில் அதே நட்சத்திரக் கோலம். சுழல்காற்று மரங்களை அப்படிச் சாய்க்காது. மேலிருந்து விழுந்த காற்றுதான் சாய்க்கும் என்றார். அடுத்த ஆண்டு ஜூனில் நியூயார்க் விமான நிலையத்தில் தரையிறங்கப் போன விமானம் ஒன்று இடிமழையில் நொறுங்கி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காரணம் அதே இறங்குகாற்று என்று அவர் காட்டியபோது பலர் நம்ப மறுத்தார்கள். இன்று விமான நிலையங்களில் இருக்கும் காற்று எச்சரிக்கைக் கருவிகள் அவர் வழக்காடிப் பெற்றவை. சூறை ஓய்ந்த மறுநாள் வாழைத் தோட்டத்தின் மேல் ட்ரோன் பறக்கவிட்டால் ஃபுஜிதா பார்த்த கோலத்தை இங்கும் பார்க்கலாம்: ஒரு மூலையில் மேற்கே சாய்ந்த வாழை, மறுமூலையில் கிழக்கே.

இந்த வட்டாரத்துக்கு வானிலைக் கணிப்போடு பழைய உறவு ஒன்றும் இருக்கிறது. பெரியகுளத்துக்கு மேலே பழனி மலை. அதன் உச்சியில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1876-78 பஞ்சத்தின் பிணங்களைப் பார்த்த பிறகே, சூரியனுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய ஒரு நிலையம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. சென்னையில் இருந்த வானாய்வு வேலை 1899-ல் மலைக்கு ஏறியது. மழை எப்போது பொய்க்கும் என்று அறியத் தொடங்கிய இடத்தின் அடிவாரத்தில், மழையோடு வரும் காற்றுக்கு அஞ்சி ஒரு மாவட்டம் இன்றும் வானத்தைப் பார்க்கிறது.

கடல் புயல் இங்கே வேறு மாதிரி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, டெல்டாவின் தென்னையை வேரோடு பிடுங்கிவிட்டு உள்நாட்டில் வலுவிழந்து, திண்டுக்கல், தேனி வழியாகக் கேரளத்துக்குப் போனது. இங்கே வந்து சேர்ந்தபோது காற்றைவிட மழையே அதிகம். புயலுக்கு நான்கு நாள் முன்னறிவிப்பு உண்டு, பெயர் உண்டு, வரைபடம் உண்டு. சித்திரைச் சூறைக்குப் பெயர் இல்லை. வானிலை ஆய்வு மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கு என்று தரும் அறிவிப்பில், இடி மின்னலோடு மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசலாம் என்ற ஒரு வரிதான் அதற்கு இடம்.

பெயரில்லாத குறை காப்பீட்டிலும் தெரிகிறது. 2016-ல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அதில் ஒரு வட்டாரம் முழுவதும் விளைச்சல் குறைந்தால் இழப்பீடு. தனி ஒருவரின் தோட்டத்தை மட்டும் தனியாக மதிப்பிட ஒரு சிறு பட்டியல் வைத்தார்கள்: ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளம் தேங்குதல். சூறைக்காற்று அதில் இல்லை. சூறையின் இயல்போ ஒரு தோட்டத்தைத் தரைமட்டமாக்கி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தைத் தொடாமல் போவது. வட்டாரக் கணக்கில் அந்த இழப்பு கரைந்துவிடும். அரசு நிவாரணத்துக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதம் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்க்க வேண்டும். சிட்டா, அடங்கல் வேண்டும். குத்தகைக்கு வாழை போட்டவரிடம் அடங்கல் அவர் பெயரில் இருக்காது. வேலை செய்தவரும் கடன்பட்டவரும் ஒருவர், காகிதத்தில் இருப்பவர் இன்னொருவர். இது சரிசெய்ய முடியாத சிக்கல் அல்ல. ஆண்டுதோறும் ஒரே பருவத்தில், ஒரே ஊர்களில் நடக்கும் சேதத்துக்கு ஒரு பட்டியலில் இடம் கொடுப்பது அவ்வளவு கடினமா?

தோட்டக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. வரப்போரம் அகத்தி விதைப்பது பழைய வழக்கம். ஆட்டுக்குத் தழை, வீட்டுக்குக் கீரை, வாழைக்குக் காற்றுத்தடுப்பு. மேற்கு வரப்பில் மட்டும் அகத்தி வைத்தால் மேகாத்தைத் தாங்கும்; எந்தப் பக்கத்திலிருந்தும் பாயும் சூறைக்கு நான்கு வரப்பிலும் வேண்டும். தார் வந்த வாழைக்கு இரண்டு சவுக்குக் கம்பைக் கத்தரிக்கோல் போல வைத்து முட்டுக் கொடுப்பார்கள். கம்பு விலை ஏறியபின் பிளாஸ்டிக் பட்டையால் வாழைக்கு வாழை இழுத்துக் கட்டுகிறார்கள். மண் அணைப்பது, எச்சரிக்கை வந்தால் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துவது, அடி இலைகளைக் கழித்துப் பாரம் குறைப்பது, முக்கால் பங்கு முற்றிய தாரைக் காத்திருக்காமல் வெட்டிவிடுவது எல்லாம் பலன் தரும் வேலைகள். திராட்சைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஓரளவு தெம்பு உண்டு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை கல்தூணும் கம்பியும் சேர்ந்த பந்தலில் படுத்துக் கிடக்கிறது. காற்றுக்கு அது முகம் காட்டுவதில்லை. அதன் பயமெல்லாம் ஆலங்கட்டியும் பழுக்கும் நேரத்து மழையும்தான்.

பயிரை விடுவோம், ஆள்? தோட்டத்தில் சூறை பிடித்தால் கால் தானாகப் போவது புளியமரத்தடிக்கும் தகரக் கொட்டகைக்கும். இரண்டும் கொல்லும். கிளை ஒடியும், இடி இறங்கும்; கல் வைத்து நிறுத்திய தகரம் கத்தியாகப் பறக்கும். கான்கிரீட் போட்ட மோட்டார் அறை இருந்தால் அதற்குள் போகலாம். போனாலும் ஸ்டார்ட்டர் பெட்டியையும் குழாயையும் தொடக் கூடாது. காற்று நின்றபிறகுதான் பலர் உயிரை விடுகிறார்கள். சாய்ந்த வாழையைப் பார்க்கும் பதற்றத்தில் ஓடி, ஈர மண்ணில் அறுந்து கிடக்கும் மின்கம்பியை மிதிக்கிறார்கள். மின்வாரிய ஆள் வந்து இணைப்பைத் துண்டிக்கும் வரை தோட்டம் காத்திருக்கும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணை மோட்டார் அறைச் சுவரில் எழுதிவைப்பது நல்லது.

மலைமேல் இன்னொரு கணக்கு. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் ஆயிரக்கணக்கில். ஏலத்துக்கு நிழல் வேண்டும், நிழலுக்கு உயர்ந்த மரம் வேண்டும், ஆடிக் காற்றில் விழுவது அந்த மரம்தான். பருவம் தொடங்குமுன் நிழல் மரத்தைக் கவாத்து செய்யும் பழக்கம் செடிக்கு வெளிச்சம் தர வந்தது. கீழே குனிந்து காய் எடுப்பவரின் தலையையும் அதுவே காக்கிறது. பலத்த மழை எச்சரிக்கை நாளில் வேலையை நிறுத்தினால் அன்றைய கூலி போகும். கூலி போகாமல் நிறுத்தினால்தான் எச்சரிக்கைக்கு அர்த்தம் இருக்கும்.

காற்று மழையோடுதான் வரும் என்றும் இல்லை. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில், கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத் தீயில் சிக்கினார்கள். காய்ந்த புல், பிற்பகல் வெயில், சரிவில் மேல்நோக்கி ஏறும் காற்று. 23 உயிர்கள் போயின. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அதே ஆண்டு மலையேற்றத்துக்கு அரசு விதிமுறைகள் வகுத்தது. குரங்கணிக்காரர்கள் மாசி, பங்குனியில் அந்தச் சரிவின் காற்றை அறிந்தவர்கள். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு அதைச் சொல்ல அன்றைக்கு ஓர் ஏற்பாடு இல்லை.

சூறை ஓய்ந்த மறுநாள் தோட்டத்தில் நடப்பது எப்போதும் ஒரே வேலை. முற்றியதில் பாதி விலைக்குப் போவதை வெட்டி ஓரம் வைப்பார்கள். மீதியை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடுவார்கள். முட்டுக் கம்புகளில் ஒடியாததைப் பொறுக்கிக் கட்டுவார்கள். தண்டை அடியோடு வெட்டிச் சாய்த்துவிட்டு, கிழங்கின் பக்கத்தில் முளைத்து நிற்கும் கன்றுகளில் திடமான ஒன்றை மட்டும் விட்டு மற்றதைத் தோண்டி எடுப்பார்கள். புதுக் கன்று வாங்கக் காசில்லாதவருக்கு அந்தப் பக்கக் கன்றுதான் அடுத்த வெள்ளாமை. அது வளர்ந்து, பூ விட்டு, தார் கனக்கப் பத்து, பதினோரு மாதம் ஆகும். விரல் விட்டு எண்ணினால் அடுத்த ஆண்டு பங்குனி, சித்திரையில் வந்து நிற்கிறது.